மலிவு விலையில் ஒரு பழைய கைத்துப்பாக்கி: வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றவர்களுக்குத் துப்பாக்கி என்பது போலீஸ்காரரின் இடுப்பிலோ நகைக்கடைக் காவலாளியின் கையிலோ காணும் பொருள். அதைத் தொட்டுப் பார்க்காமலேயே வாழ்நாளைக் கழித்துவிடுபவர்கள்தாம் ஏறக்குறைய எல்லாரும். ஆனால் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குள்ள பல சிற்றூர்களில், இங்கே சனிக்கிழமை காலையில் பூப்பந்து ஆடப் போவது போல், குடும்பத்தோடு காகித இலக்குகளைச் சுடப் போகிறார்கள். தகர டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக வீழ்த்துவது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு.

இதற்கு விலை உயர்ந்த புதிய துப்பாக்கி தேவையில்லை என்பதால், பழைய கைத்துப்பாக்கிகளுக்கு அங்கே பெரிய சந்தை இருக்கிறது. மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் அந்நாட்டிற்குச் செல்லும் நம் பிள்ளைகளும் உறவினர்களும் அண்டை வீட்டுக்காரர்களின் இந்தப் பழக்கத்தைக் காண்கிறார்கள். சிலருக்கு ஆசையும் பிறக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவது எளிது. வாங்கிய பொருள் எப்படிப்பட்டது, அதை வாங்க யாருக்கு உரிமை உண்டு, வீட்டில் அதை எப்படி வைப்பது என்பவைதாம் முன்கூட்டியே விளங்க வேண்டியவை.

பழையது ஏன் விலை போகிறது?

கைத்துப்பாக்கி பெரும்பாலும் எஃகினால் ஆனது. எண்ணெயிட்டுத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தால் ஐம்பது ஆண்டுகள் கழிந்தாலும் அது சரியாகவே சுடும். வாங்கியவர்களில் பலர் சில பெட்டித் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, பிறகு அலமாரியில் வைத்து மறந்துவிடுகின்றனர். அவர்கள் காலமான பின் பிள்ளைகள் அதை விற்கிறார்கள். ஆகவே ஆண்டுக் கணக்கில் பழையதாக இருந்தாலும் உழைப்பில் புதியதாக இருக்கும் துப்பாக்கிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

இன்னொரு வகை, காவல் துறை கழித்துக் கட்டிய துப்பாக்கி. அமெரிக்கப் போலீசார் நெடுங்காலம் சுழல் துப்பாக்கியையே, அதாவது ரிவால்வரையே பயன்படுத்தினர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899ஆம் ஆண்டில் கொண்டுவந்து, பின்னாளில் மாடல் 10 என்று பெயரிட்ட .38 ரிவால்வர் அவற்றுள் புகழ் பெற்றது. 1980களிலும் 1990களிலும் காவல் துறைகள் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறியபோது, பழைய ரிவால்வர்கள் வியாபாரிகளிடம் குவிந்தன. இவ்வகைத் துப்பாக்கியின் வெளிப்பூச்சு தோல் உறையில் உரசி உரசித் தேய்ந்திருக்கும். உள்ளிருக்கும் இயந்திரமோ அதிகம் உழைத்திருக்காது. ஏனென்றால் போலீஸ்காரர் அதை நாள்தோறும் சுமந்தார். பயிற்சி நாட்களில் மட்டுமே சுட்டார். வெளித் தோற்றத்தைக் கண்டு விலை குறைப்பவர்களிடம் நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

துப்பாக்கி மலிவு, தோட்டா?

முதல் தடவையாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கணக்கில் தவறுவது இங்கேதான். யானையை வாங்கியவன் அங்குசத்தோடு தீனியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மாதத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 100 தோட்டா என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 2,400 தோட்டாக்கள். 50 தோட்டா கொண்ட பெட்டிகளில் 48 பெட்டிகள். இரண்டு மூன்று ஆண்டுகளில் தோட்டாவுக்குச் செலவழித்த பணம் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே எந்தத் துப்பாக்கி மலிவு என்பதைவிட எந்தத் தோட்டா மலிவு என்பதே முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக ஒரே விடைதான்: .22 லாங் ரைஃபிள். 1887ஆம் ஆண்டில் அறிமுகமான இந்தச் சிறு தோட்டாவின் விலை, 9 மில்லிமீட்டர் தோட்டாவின் விலையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருந்து வருகிறது. உதைப்பு மிகக் குறைவு என்பதால் புதிதாகக் கற்பவரின் கை நடுங்குவதில்லை. சத்தத்திற்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் கெட்ட பழக்கமும் எளிதில் தொற்றுவதில்லை. ஆயினும் இதற்கும் தட்டுப்பாடு வராமலில்லை. 2013ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் அமெரிக்கக் கடைகளில் .22 தோட்டாக்கள் வைத்த சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோயின.

மலிவான துப்பாக்கி, கிடைப்பதற்கு அரிய தோட்டா என்ற கூட்டணியும் உண்டு. பனிப்போர் முடிந்தபின் கிழக்கு ஐரோப்பிய இராணுவக் கிடங்குகளிலிருந்து மக்காரோவ் என்னும் சோவியத் வகைக் கைத்துப்பாக்கிகள் 1990களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. உறுதியானவை, அன்று விலையும் குறைவு. அதன் தோட்டாவையும் 9 மில்லிமீட்டர் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதன் குண்டு, மற்ற 9 மில்லிமீட்டர் குண்டைவிடச் சற்றே பருமனானது. உறையின் நீளமும் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தக்கூடாது. 1895ஆம் ஆண்டு வடிவமைப்பான ரஷ்ய நாகாந்த் ரிவால்வரின் கதையும் அதுவே. அதற்கென்றே தனி வடிவத்தில் அமைந்த தோட்டா எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. வரலாற்றுப் பொருள் சேகரிப்பவருக்கு இவை பொக்கிஷம். வாரம் தவறாமல் இலக்குச் சுட விரும்புபவருக்கோ இவை சுமை.

பெயர் பெற்ற சில வகைகள்

பழைய .22 கைத்துப்பாக்கி என்றதும் அமெரிக்கர்கள் முதலில் நினைப்பது ரூகர் நிறுவனத்தின் தயாரிப்பை. வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் இருவர் 1949ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் பொருளே .22 கைத்துப்பாக்கிதான். அன்று அதன் விலை 37 டாலர் 50 காசு. சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் உறுதியான ஒன்றைத் தந்ததே அதன் வெற்றிக்குக் காரணம். அதிலிருந்து மார்க் 1, 1982ஆம் ஆண்டில் மார்க் 2, அதன்பின் மார்க் 3, 2016ஆம் ஆண்டில் மார்க் 4 என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது. மார்க் 3 வரையிலானவற்றைப் பிரித்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பூட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மார்க் 4 ஒரே பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும். பழைய மார்க் 2 விலை குறைவாக இருப்பதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம் என்றால், பொறுமையுள்ளவருக்கு அது ஆதாயமே.

1985ஆம் ஆண்டில் வெளிவந்த பிரவுனிங் நிறுவனத்தின் பக் மார்க் இன்னொரு நல்ல பெயர். கோல்ட் நிறுவனம் 1915 முதல் 1977 வரை தயாரித்த வுட்ஸ்மேன் மிக அழகிய துப்பாக்கி. ஆனால் அது இப்போது சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டதால் மலிவு என்று சொல்வதற்கில்லை.

மலிவு வேறு, மட்டம் வேறு

நல்ல பொருள் பழையதாகி விலை குறைவது ஒன்று. தொடக்கத்திலிருந்தே மட்டமாகச் செய்யப்பட்டு விலை குறைந்திருப்பது வேறொன்று. பழைய துப்பாக்கிச் சந்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஒரு சிறு .22 ரிவால்வர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணன், அதிபர் ஜான் கென்னடியைக் கொன்ற நீளத் துப்பாக்கி அஞ்சலில் வரவழைக்கப்பட்டது. அஞ்சல் வழி விற்பனைக்குத் தடை போட்ட புதிய சட்டம், விளையாட்டுக்கு உதவாத சிறிய, மட்டமான கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. ஆனால் அதே போன்றவற்றை உள்நாட்டில் தயாரிப்பதை அது தடுக்கவில்லை. அந்த ஓட்டையில் நுழைந்து, தெற்குக் கலிபோர்னியாவில் சில நிறுவனங்கள் முளைத்தன. ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் என்பவை அவற்றுள் சில. எஃகிற்குப் பதில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்யப்பட்ட அவற்றின் கைத்துப்பாக்கிகள் அடகுக்கடை தோறும் குவிந்தன.

அவற்றுள் ஒன்றின் கதை, வாங்குவோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 1994ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், குடும்ப நண்பரான ஓர் இளைஞர் பிரைகோ நிறுவனத்தின் கைத்துப்பாக்கியிலிருந்து தோட்டாவை அகற்ற முயன்றார். அந்தத் துப்பாக்கியின் அமைப்பு விசித்திரமானது. பாதுகாப்புப் பூட்டைத் திறந்தால்தான் உள்ளிருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க முடியும். அதாவது, ஆபத்தை நீக்குவதற்கு முதலில் ஆபத்தைத் திறந்துவிட வேண்டும். அந்த நொடியில் துப்பாக்கி வெடித்தது. எதிரே இருந்த 7 வயதுச் சிறுவன் மீது குண்டு பாய்ந்து, அவன் உடல் செயலிழந்தது. 2003ஆம் ஆண்டில் நீதிமன்ற நடுவர் குழு தயாரிப்பாளர் தரப்பின் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. அந்நிறுவனம் திவால் அறிவித்தது. ஆனால் அது விற்ற துப்பாக்கிகள் திவாலாகவில்லை. இன்னும் அவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பெயர் பெற்ற நிறுவனங்களின் பழைய பொருள்களிலும் குறை உண்டு. ரூகர் நிறுவனம் 1973ஆம் ஆண்டுக்கு முன் செய்த ஒற்றைச் செயல் ரிவால்வர்களில், சுத்தியலுக்கு நேரே தோட்டா இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும். இதனால் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலின் கீழ் வெற்று அறையை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 1973க்குப் பிந்திய புதிய வடிவத்தில் இந்தக் குறை நீங்கியது. பழையவற்றையும் இலவசமாகவே மாற்றியமைத்துத் தர நிறுவனம் முன்வந்தது. மார்க் 4 வகையிலும் பாதுகாப்புப் பூட்டு நடுநிலையில் நின்றால் ஆபத்து என்று கண்டறியப்பட்டு, 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்கு முன் செய்தவை திரும்ப அழைக்கப்பட்டன.

இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. அமெரிக்காவில் குறையுள்ள பொம்மையையும் மின்விசிறியையும் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையத்திற்கு இருக்கிறது. துப்பாக்கி மட்டும் அதன் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டமே அதை விலக்கி வைத்துவிட்டது. குறையுள்ள துப்பாக்கியைத் திரும்ப அழைப்பது தயாரிப்பாளரின் மனத்தைப் பொறுத்தது. இரண்டாம் கையாக வாங்கியவருக்கு அந்த அழைப்புக் கடிதம் வந்து சேராது. ஆகவே பழைய துப்பாக்கியை வாங்கியவர் அதன் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரிடம் தாமே விசாரிக்க வேண்டும். தயாரிப்பாளரே இல்லாமல் போய்விட்ட துப்பாக்கியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் விடுவது நலம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பழைய கார் வாங்கப் போகிறவர் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போவது போல, துப்பாக்கியை அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வதே சிறப்பு. ஆயினும் வாங்குபவரே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவையும் பல உண்டு.

எல்லாவற்றிற்கும் முதலில், தோட்டா இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். விற்பவர் இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னாலும் வாங்குபவரும் பார்க்க வேண்டும். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. பழக்கமுள்ளவர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள். தானியங்கியில் முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரே மேல் பகுதியை இழுத்துக் குழல் அறையைப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால், அறையிலிருந்து ஒரு தோட்டா வெளியேற, மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே போய்விடும். துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்பி நிகழ்ந்த விபத்துகளில் பல இந்த வரிசை மாற்றத்தால் வந்தவை. குழல் எப்போதும் ஆளில்லாத திசையை நோக்கியே இருக்க வேண்டும். சுடும் எண்ணம் வரும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது.

அடுத்தது குழல். துப்பாக்கியைத் திறந்த நிலையில் வைத்து, பின்புறம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தால் சுருள் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அழுக்கு துடைத்தால் போய்விடும். துரு தின்ற குழிகள் போகா. குழலின் நடுவில் கறுப்பு வளையம் போல் ஒன்று தெரிந்தால், அது வீங்கிய குழல். வலுவிழந்த தோட்டா ஒன்றின் குண்டு குழலிலேயே தங்கிவிட, அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டதால் ஏற்படும் காயம் அது. அப்படிப்பட்ட துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். குழலின் வாய் விளிம்பும் நசுங்காமல் இருக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுவே. அங்கே ஒரு சிறு கீறல் இருந்தாலும் குறி தவறும்.

ரிவால்வரில் சுத்தியலை மெல்லப் பின்னிழுக்கும்போது, அது முழுமையாகப் பின்னே வந்து நிற்பதற்குள் உருளையும் சுழன்று தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளிலும் இதைச் சோதிக்க வேண்டும். பூட்டிய உருளை அதிகம் ஆடினால், அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்கா. அப்போது ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறித்து, அருகில் நிற்பவரைக் காயப்படுத்தும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலான வெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை இருப்பது இயல்பு. பின்னிழுத்து நிறுத்திய சுத்தியலைக் கட்டை விரலால் மெல்ல முன்னே தள்ளினால் அது விழக்கூடாது. விழுந்தால் உள்ளிருக்கும் பாகத்தை யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

தானியங்கியில் மேல் பகுதியிலும் சட்டத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மேகசினின் உதடுகள் வளைந்திருந்தால் தோட்டா சிக்கும். மாற்று மேகசின் எளிதில் கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். சுருள்வில் தளர்ந்திருந்தால் கவலையில்லை. அது குறைந்த செலவில் மாற்றக்கூடிய பாகம்.

வெறும் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்க்கும் முன் உரிமையாளரிடம் அனுமதி கேட்பது மரியாதை. .22 வகையில் அது மரியாதை மட்டுமன்று. இந்தத் தோட்டாவில் வெடிக்கும் பொருள் உறையின் விளிம்பில் இருப்பதால், சுடும் ஊசியும் விளிம்பில்தான் மோதும். தோட்டா இல்லாதபோது விசையை இழுத்தால், பல பழைய வகைகளில் ஊசி அறையின் எஃகு விளிம்பில் இடித்து அதைச் சேதப்படுத்திவிடும்.

திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாதவர் பிரித்திருக்கிறார் என்று அறியலாம். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, பூச்சு மட்டும் பளபளத்தால், துருவைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். மினுக்கத்திற்கு விலை கொடுக்கக்கூடாது.

தொடர் எண்ணும் சட்டமும்

தொடர் எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதே அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம். எண்ணைச் சுரண்டிய தடம் தெரிந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு விலகிவிட வேண்டும். எண்ணே பொறிக்காமல் விற்ற சில மலிவுத் துப்பாக்கிகளும் உண்டு. ஏனென்றால் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் வேண்டும் என்ற கட்டாயம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்ததே. எண் இல்லாமையும் எண்ணை அழித்தலும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் வேறுபடுத்தி அறிவது புதியவருக்குக் கடினம்.

உரிமம் பெற்ற வியாபாரிகள் 21 வயது நிறைந்தவர்களுக்கே கைத்துப்பாக்கி விற்கலாம் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. வேறு மாநிலத்தவரிடமிருந்து வாங்கும் கைத்துப்பாக்கி, வாங்குபவரின் மாநிலத்திலுள்ள உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே வர வேண்டும். வாங்குபவர் 4473 எண் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

1981ஆம் ஆண்டில் அதிபர் ரேகனைக் கொல்ல முயன்றவன் பயன்படுத்தியதும் அடகுக்கடையில் வாங்கிய மலிவு .22 ரிவால்வர்தான். அதில் படுகாயமடைந்த பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி 1998ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து, வியாபாரியிடம் வாங்குபவரின் பின்னணியை எஃப்.பி.ஐ. நடத்தும் கணினி முறை உடனுக்குடன் சோதிக்கிறது. அடகுக்கடையும் இதற்கு விலக்கன்று.

ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இரு தனி நபர்கள் தங்களுக்குள் விற்று வாங்கும்போது கூட்டாட்சிச் சட்டம் இந்தச் சோதனையைக் கேட்பதில்லை. ஆனால் கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் அதையும் கட்டாயமாக்கியுள்ளன. கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இல்லினாயில் அடையாள அட்டையும், நியூயார்க்கில் கைத்துப்பாக்கி உரிமமும் வேண்டும். சட்டம் கேட்காத மாநிலத்திலும், வியாபாரி ஒருவரின் கடையில் சிறு கட்டணம் செலுத்தி, சோதனையுடன் கைமாற்றிக்கொள்வது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பாதுகாப்பு. திருட்டுப் பொருள் என்ற சந்தேகம் இருந்தால் எண்ணைப் போலீசாரிடம் கொடுத்து விசாரிக்கலாம்.

நண்பருக்குத் தகுதி இல்லை என்பதற்காக அவருடைய பணத்தில் தம் பெயரில் வாங்கித் தருவது பெருங்குற்றம். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். உதவிதானே செய்தேன் என்ற வாதம் அங்கே செல்லாது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நம் நாட்டுப் பெற்றோர் கவனிக்க வேண்டியது இதுவே. மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்கா சென்றிருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. சுடும் கூடத்தில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதற்கும் இந்தத் தடை பொருந்தும். நண்பர்கள் அழைத்தார்கள், ஒரு மணி நேரம் சுட்டோம், புகைப்படம் எடுத்தோம் என்பது படிப்பையும் விசாவையும் பறிக்கும் வழக்காக முடியலாம். நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவர்கள் வாங்கலாம். அவர்களும் மாநிலச் சட்டத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

விடுமுறைக்குத் திரும்பும்போது பையின் மூலையில் ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் விமான நிலையத்தில் பெரும் சிக்கல். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் சிங்கப்பூரின் ஆயுதச் சட்டங்களும் அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பதையும் குற்றமாகவே கருதுகின்றன. சுடும் கூடத்திற்குக் கொண்டு போன பையை ஊருக்குக் கொண்டு வராமல் இருப்பதே நல்லது.

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு இங்கேயே முறையான சங்கங்கள் உண்டு. மலேசியாவின் நூர் சூர்யானி 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் கலந்துகொண்டார். சிங்கப்பூரின் தியோ சுன் ஸீ 2014ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டில் 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். இவர்கள் யாரும் துப்பாக்கியை வீட்டுப் பொருளாகக் கருதி வளர்ந்தவர்கள் அல்லர்.

வீட்டிற்குக் கொண்டு வந்த பின்

துப்பாக்கியின் விலையோடு இன்னும் சில செலவுகளைச் சேர்க்க வேண்டும். காதுக் கவசம் முதலாவது. சிறிய .22 கைத்துப்பாக்கியின் சத்தமும் 140 டெசிபலைத் தாண்டும். அந்த அளவு ஒரே வெடிப்பில் செவியைக் கெடுக்கக்கூடியது. கண் கண்ணாடி அடுத்தது. சுட்டு முடித்தபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புகையிலும் தூசியிலும் இருக்கும் ஈயம், உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். தந்தை அதே உடையுடன் குழந்தையைத் தூக்கினால், அந்த நஞ்சு குழந்தைக்கும் போய்ச் சேரும்.

கடைசியாக, பூட்டு. உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கியை விற்கும்போது பூட்டும் சாதனம் ஒன்றையும் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தனி நபரிடம் வாங்குபவருக்கு அதைத் தருவதற்கு யாரும் இல்லை. அவரே வாங்க வேண்டும். துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். குழந்தைக்குத் தெரியாத இடம் என்று ஒன்று வீட்டில் இல்லை.

குழந்தை மட்டும் அல்ல. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கொலையும் அல்ல, விபத்தும் அல்ல, தற்கொலைகள். மனம் உடைந்த ஒரு மணி நேரம் எந்த வீட்டிலும் வரலாம். அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்த பொருள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கும். தகர டப்பாவைச் சுட வாங்கிய சிறு .22 என்பதற்காக அது உயிரைப் பறிக்காமல் இருப்பதில்லை.

எனவே பழைய கைத்துப்பாக்கியை வாங்க எண்ணும் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. இதை வாங்கும் உரிமை எனக்கு இருக்கிறதா? இதன் தோட்டாவை ஆண்டு முழுவதும் வாங்க எனக்குக் கட்டுப்படியாகுமா? இதைச் செய்தவர் இன்னும் இருக்கிறாரா, இதன் குறைகள் என்ன என்று விசாரித்தேனா? இதைப் பூட்டி வைக்க என் வீட்டில் இடம் உண்டா? நான்கிற்கும் ஆம் என்ற விடை வந்தால், சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பழைய .22 பல ஆண்டுகளுக்கு நல்ல பொழுதுபோக்காக இருக்கும். நான்கில் ஒன்றுக்கு இல்லை என்ற விடை வந்தாலும், அந்தத் துப்பாக்கி இலவசமாகவே கிடைத்தாலும் விலை அதிகம்தான்.